அரிவாள் வெட்டு, கத்திக்குத்து: ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை செய்ய வேண்டியவை

எங்கள் ஊரில் யாருக்காவது அரிவாள் பட்டுவிட்டால் முதலில் எழும் குரல் “காப்பித்தூள் எடுத்துட்டு ஓடியா!” என்பதுதான். என் அம்மாவுக்கும் அதுதான் நடந்தது. மீன் அரியும்போது அருவாமனை இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. காப்பித்தூளை அப்பி, புடவைக் கிழிசலால் சுற்றினோம். ரத்தம் நின்றது, எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு வாரம் கழித்துப் புண் ஆறிய பிறகுதான் தெரிந்தது, விரலின் நுனிக் கணு மடங்கவில்லை. உள்ளே தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், அறுந்திருக்கிறது. கறுப்புத் தூளுக்கு அடியில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இன்றுவரை அந்த விரலால் அவரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

வெட்டுப்பட்ட இடத்தில் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி “என்ன போடலாம்?” அந்தக் கேள்வியை விட்டுவிட்டு “எங்கே அழுத்தலாம்?” என்று கேட்கப் பழகினால் பல உயிர்களும் பல விரல்களும் மிஞ்சும். இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் சொல்கிறேன். வயலில் கதிர் அறுக்கும்போது படும் வெட்டு, அடுப்படிக் கத்தி, தகராறில் விழுந்த குத்து எதுவானாலும் உடம்புக்கு ஒன்றுதான், முதலுதவியும் ஒன்றுதான்.

முதலில் உங்கள் பாதுகாப்பு

வெட்டியவர் இன்னும் ஆயுதத்தோடு நின்றால் நெருங்காதீர்கள். தள்ளி நின்று ஆள் சேருங்கள், 100 அல்லது 112-க்கு அழையுங்கள். ஓடிப்போய்த் தடுத்தவரும் சேர்ந்து விழுந்தால் காப்பாற்ற ஆளிருக்காது. இடம் அமைதியான பிறகு, காயம்பட்டவரைத் தொடுமுன் கையில் ஒரு பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. போன்றவை ரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. பை தேடி நேரத்தை வீணாக்கவும் வேண்டாம்; அவருடைய கையையே காயத்தின் மேல் வைத்து அழுத்தச் சொல்லிவிட்டுத் தேடுங்கள்.

அதே நேரம் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1990. “யாராவது போன் போடுங்க” என்று பொதுவாகக் கத்தினால் ஒருவரும் போட மாட்டார்கள். ஒருவரைக் கைகாட்டி, “அண்ணே, நீங்க போடுங்க” என்று சொல்லுங்கள். ஊர்ப்பெயரோடு கோயில், டீக்கடை, பம்புசெட் என்று ஓர் அடையாளமும் சொல்ல வேண்டும்.

எவ்வளவு ரத்தம் போகிறது?

60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 4 லிட்டர் ரத்தம்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றும் இன்னொன்றில் கொஞ்சமும் போனாலே உயிருக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. தொடையின் பெரிய தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) அறுந்தால் சில நிமிடங்களில் அந்த அளவு வெளியேறிவிடும். ரத்தம் பீச்சியடிக்கிறதா, தரையில் குட்டையாகத் தேங்குகிறதா, கட்டிய துணியை மீறி ஊறிக்கொண்டே வருகிறதா, ஆள் பேச்சுக் குழறி மயங்குகிறாரா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வேறு எதையும் யோசிக்காமல் அடுத்த படிக்குப் போங்கள். கறுப்புச் சட்டை, அடர்நிற லுங்கி கட்டியவர்களின் உடம்பில் ரத்தம் தெரியாது. துணியை விலக்கி, முதுகுப்பக்கமும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு காயம் கண்ணில் பட்டதும் அதோடு நின்றுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

அழுத்துவது எப்படி

சுத்தமான துண்டு, வேட்டி, துப்பட்டா எது கிடைக்கிறதோ அதை மடித்துக் காயத்தின் மேல் வையுங்கள். அதன்மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடையே இறங்கும்படி அழுத்துங்கள். காயம்பட்டவர் தரையில் படுத்திருந்தால் வசதி; மெத்தையிலோ கயிற்றுக் கட்டிலிலோ அழுத்தம் கீழே நழுவிப்போகும். வலிக்கிறது என்று கத்துவார். கத்தட்டும், விடாதீர்கள்.

கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நடுவில் “நின்னுடுச்சா?” என்று துணியைத் தூக்கிப் பார்க்கவே கூடாது. ரத்தம் உறைந்து கட்டியாகி ஓட்டையை அடைப்பதற்கு அசையாத அழுத்தமும் நேரமும் வேண்டும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அப்போதுதான் பிடித்த கட்டியைப் பிய்த்து எறிகிறோம். துணி ஊறிவிட்டால் அதன்மேல் இன்னொரு துணி. அப்போதும் ஊறினால் உங்கள் கை சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். அப்போது மட்டும் ஒருமுறை விலக்கி, ரத்தம் ஊறும் புள்ளியைக் கண்டுபிடித்து நேராக அதன்மேல் அழுத்துங்கள். நின்ற பிறகு துணியை எடுக்காமல் அப்படியே இறுக்கமாகச் சுற்றிக் கட்டிவிடலாம்.

கை, கால்: அழுத்தியும் நிற்கவில்லை என்றால்

டாக்டர்கள் டூர்னிக்கே என்று சொல்லும் இறுக்குக்கட்டு இதற்குத்தான். கைக்கும் காலுக்கும் மட்டும்.

துண்டை இரண்டு அங்குல அகலத்துக்குக் குறையாமல் மடித்துக்கொள்ளுங்கள். கயிறு, கம்பி, செல்போன் சார்ஜர் வயர் கூடாது. அவை தசையையும் நரம்பையும் அறுக்குமே தவிர தமனியை அடைக்காது. காயத்துக்கு மூன்று நான்கு விரற்கடை மேலே, உடம்புக்கும் காயத்துக்கும் நடுவில் சுற்ற வேண்டும். கட்டு முட்டி மூட்டின் மீதோ முழங்கை மூட்டின் மீதோ விழக்கூடாது. ஒரு முடிச்சுப் போட்டு, அதன்மேல் உறுதியான குச்சியை வைத்து மறுமுடிச்சுப் போட்டு, குச்சியைத் திருகுங்கள். ரத்தம் முழுக்க நிற்கும்வரை திருகி, குச்சி அவிழாதபடி கட்டிவிடுங்கள். கட்டிய நேரத்தைப் பேனாவால் அவர் நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள்.

இதில் அரைகுறை வேலைதான் பெரிய ஆபத்து. லேசாகக் கட்டினால் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள் அடைபடும், உள்ளே கொண்டுவரும் தமனி அடைபடாது; ரத்தப்போக்கு முன்னைவிட அதிகமாகும். கட்டினால் இறுக்கமாக, இல்லையென்றால் கட்டவே வேண்டாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்திவிடச் சொல்லும் பழைய பாடத்தையும் மறந்துவிடுங்கள். அவிழ்ப்பது ஆஸ்பத்திரியின் வேலை. இரண்டு மணி நேரம்வரை கை காலுக்குப் பெரிய சேதம் வருவது அரிது. இன்னொன்று: கிராமத்தில் பலருக்கும் கட்டுப்போடுவது என்றால் பாம்புக்கடிதான் நினைவுக்கு வரும். பாம்புக்கடிக்கு இந்தக் கட்டைப் போடவே கூடாது. இது பீறிடும் வெட்டுக்காயத்துக்கு மட்டும்.

தொடை இடுக்கு, அக்குள், கழுத்துச் சரிவு இவற்றில் இறுக்குக்கட்டுப் போட இடமில்லை. அங்கே சுத்தமான துணியை நீளமாகக் கிழித்து, விரலால் காயத்தின் அடிவரை திணியுங்கள். குழி நிரம்பும்வரை திணித்து, மேலே பத்து நிமிடம் அழுத்த வேண்டும். பார்க்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் உயிரைக் காக்கும். கழுத்தில் என்றால் ஒரு பக்கம் மட்டும் அழுத்துங்கள்; கழுத்தைச் சுற்றி எதையும் கட்டாதீர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் ஒருபோதும் துணியைத் திணிக்கக் கூடாது.

கத்தி குத்தியபடியே நின்றால்

பிடுங்காதீர்கள். அந்தக் கத்திதான் அறுந்த குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம்; உருவினால் அடைப்பு திறந்துகொள்ளும், வெளியே வரும்போது இன்னொரு முறை அறுக்கும். துணியைச் சும்மாடுபோலச் சுருட்டிக் கத்தியின் இருபுறமும் அணைத்து வைத்து, ஆடாமல் கட்டுங்கள். ஆளையும் முடிந்தவரை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும்.

நெஞ்சு, வயிறு

குத்துக்காயம் நம்மை ஏமாற்றும். வெளியே ஒரு அங்குலம்கூட இருக்காது, நாலு சொட்டு ரத்தம்தான் வந்திருக்கும். உள்ளே நுரையீரலோ கல்லீரலோ கிழிந்து, ரத்தம் நெஞ்சுக்குள்ளேயோ வயிற்றுக்குள்ளேயோ தேங்கிக்கொண்டிருக்கும். மார்க்காம்புக்குக் கீழே விழுந்த குத்து வயிற்றுக்குள்ளும் போயிருக்கலாம். மூச்சை விடும்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் அந்த உயரத்துக்கு எழும்பிவிடுகிறது. நெஞ்சிலோ வயிற்றிலோ முதுகிலோ குத்துப்பட்டவர் எழுந்து நடந்து “ஒண்ணுமில்ல” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

நெஞ்சுக் காயத்தில் மூச்சு இழுக்கும்போது ‘உஸ்’ என்ற சத்தமோ ரத்த நுரையோ வந்தால் பாலித்தீனை ஒட்டி நான்கு பக்கமும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே போன காற்று வெளியேற வழியில்லாமல் நுரையீரலையும் இதயத்தையும் நசுக்கிவிடும். காயத்தைத் திறந்தே விட்டுவிடுவது நல்லது. ரத்தம் அதிகம் வந்தால் மட்டும் துணியால் அழுத்துங்கள். மூச்சு மோசமானால் உடனே துணியை எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்குபவரைப் படுக்க வற்புறுத்தாமல் சாய்ந்து உட்கார விடுங்கள்.

வயிறு கிழிந்து குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள வேண்டாம். சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் மூடி, அதன்மேல் சுத்தமான பாலித்தீன் தாளைப் போட்டுத் தளர்வாகச் சுற்றுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து முட்டியை மடக்கி வைத்தால் வயிற்றின் இழுவிசை குறையும்.

சோடா கொடுக்காதீர்கள்

ரத்தம் இழந்தவருக்குத் தாகம் எடுக்கும். தண்ணீர் கேட்பார். சுற்றி நிற்பவர்கள் மனசு கேட்காமல் சோடாவோ காப்பியோ வாங்கிவருவார்கள். கொடுக்கக் கூடாது, மயக்கமருந்து கொடுக்கும் நேரத்தில் வயிற்றில் இருப்பது வாந்தியாகி மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிரே போகலாம். உதட்டை நனைத்துவிடுங்கள், போதும். தோல் சில்லிட்டு வியர்ப்பது, முகம் வெளுப்பது, நாடி வேகமாகித் தளர்வது, பேச்சு தடுமாறுவது எல்லாம் ஆபத்து நெருங்குவதன் அடையாளம். படுக்கவைத்துப் போர்வையாலோ சாக்காலோ போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது குறையும். நம் ஊர் வெயிலிலும் இது பொருந்தும்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது கடைசி வழியாகவே இருக்கட்டும். மயங்கினால் சரிந்துவிடுவார், காயத்தை அழுத்தவும் முடியாது. கார், வேன், டாட்டா ஏஸ் எதுவானாலும் படுக்கவைத்து, அழுத்துபவர் கூடவே போக வேண்டும்.

துண்டான விரல்

விரலை நேராக ஐஸில் போடுவதால் பல விரல்கள் வீணாகின்றன. பனிக்கட்டி நேரே பட்டால் திசு உறைந்து செத்துவிடும். சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். பெட்டிக்கடை ஐஸ் போதும். இப்படிக் குளிர்ந்திருந்தால் விரல் 24 மணி நேரம்வரைகூடத் தாங்கும். தசை நிறைந்த முன்கை போன்றவை அதில் பாதி நேரம்தான். தொங்கிக்கொண்டிருக்கும் விரலை அறுத்து எடுக்காதீர்கள், ஒரு கீற்றுத் தோலிலும் ரத்த ஓட்டம் இருக்கலாம். 108-இல் பேசும்போதே “விரல் துண்டாகிவிட்டது” என்று சொன்னால் ஒட்டும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி அப்போதே விசாரிக்கலாம்.

சின்னக் காயம் என்றால்

ரத்தம் நின்ற சிறிய வெட்டுக்கு நல்ல மருந்து ஓடும் தண்ணீர். குடிக்கத் தகுந்த தண்ணீரில் ஐந்து நிமிடமாவது, மண்ணும் தூசும் போகும்வரை அலச வேண்டும். சுற்றியுள்ள தோலுக்கு சோப்பு. காயத்துக்குள்ளே ஸ்பிரிட்டோ தண்ணீர் கலக்காத டெட்டாலோ ஊற்றினால் கிருமியோடு புதிதாக வளரும் செல்லும் செத்துப்போகும். பிறகு சுத்தமான துணியால் மூடிக் கட்டுங்கள்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மூக்குப்பொடி, அடுப்புச் சாம்பல், சிலந்தி வலை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். தூள் ரத்தத்தை உறிஞ்சிக் கட்டியாவதால் நின்றதுபோலத் தெரிகிறது. கூடவே துணியை வைத்து அழுத்தியதுதான் உண்மையில் நிறுத்தியது. அந்தத் தூளைத் தையல் போடுமுன் ஒவ்வொரு துணுக்காகத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வலியை நேரில் பார்த்தவர்கள் மறுபடி காப்பித்தூள் டப்பாவைத் தொடமாட்டார்கள். வெட்டுக்காயப் பூண்டின் மேல் நம் மக்களுக்கு இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. வரப்போரத்தில் அந்த இலையைக் கசக்கிச் சாறு பிழிந்துதான் நாங்கள் வளர்ந்தோம். புண்ணை ஆற்றும் குணத்துக்காக அதை ஆராய்ச்சிக்கூடங்களில் சோதித்தும் இருக்கிறார்கள். ஆனால் வரப்பு மண்ணும் சாணமும் ஒட்டிய இலையோடு டெட்டனஸ் கிருமியும் காயத்துக்குள் போகலாம்.

கட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். என் அம்மாவுக்கு நாங்கள் செய்யத் தவறியது இது. ஒவ்வொரு விரலையும் ஒவ்வொரு கணுவாக மடக்கச் சொல்லுங்கள், நீட்டச் சொல்லுங்கள். நடுக்கணு மடங்கிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. நுனிக் கணுவுக்குத் தனித் தசைநாண் இருக்கிறது. பிறகு அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியின் இரண்டு ஓரங்களையும் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். மடங்காவிட்டாலோ மரத்திருந்தாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். முதல் சில நாட்களுக்குள் இணைத்தால் விரல் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வாரங்கள் போனால் அறுந்த முனை சுருங்கி உள்ளே ஓடிவிடும்.

காயத்தின் வாய் பிளந்து நின்றாலும், கொழுப்பு தெரிந்தாலும், மூட்டின் மேல் அல்லது முகத்தில் பட்டிருந்தாலும் அன்றே தையலுக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளும், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்களும் சின்னக் காயத்தையும் காட்டிவிட வேண்டும்.

டெட்டனஸ் ஊசி

துருப்பிடித்த அரிவாள்தான் ஆபத்து, பளபளப்பானது பரவாயில்லை என்பது தவறு. கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். துரு அதற்குத் தங்க இடம், அவ்வளவுதான். அசுத்தமான காயமென்றால் கடைசி ஊசி போட்டு 5 வருடமும், சுத்தமான சின்னக் காயமென்றால் 10 வருடமும் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். எப்போது போட்டோம் என்றே தெரியாவிட்டால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மண்பட்ட ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். நம் நாட்டில் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் இந்தத் தடுப்பூசி கிடைத்துவிடுகிறது. ஆண்களுக்கு 16 வயதில் போடுவதோடு சரி. வயலில் அரிவாள் பிடிக்கும் ஐம்பது வயது ஆண்தான் அதிகப் பாதுகாப்பில்லாதவர். காயம் படும்வரை காத்திருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள்.

ஆறும் நாட்களில்

முதல் இரண்டு நாள் கட்டு நனையக் கூடாது. மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறைய வேண்டும். கூடினால், சிவப்பு பரவினால், சீழ் கசிந்தால், காய்ச்சல் அடித்தால், அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால் உடனே காட்டுங்கள். தையல் பிரிப்பது முகத்தில் 5 நாளை ஒட்டி, தலையில் 7 முதல் 10 நாள், காலில் இரண்டு வாரம்வரை. முட்டை, கருவாடு, கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பவர்கள் உண்டு. சீழ் பிடிப்பது கிருமியால். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டையும் மீனும் பருப்பும் நன்றாகக் கொடுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயம்

வெட்டுக்குத்துக் காயத்தோடு வந்தவரை “முதலில் போலீஸில் எழுதிக்கொண்டு வா” என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்டச் சடங்குகள் பிறகு. விபத்துப் பதிவேட்டில் எழுதிப் போலீஸுக்குத் தகவல் சொல்வதை ஆஸ்பத்திரியே செய்யும். ரத்தம் பட்ட துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்; சட்டையை வெட்டி எடுக்க நேர்ந்தால் கத்தி நுழைந்த ஓட்டையின் வழியே வெட்டாதீர்கள்.

காயம் தானாகவே ஏற்படுத்திக்கொண்டது என்று தெரிந்தால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். காயத்துக்கு மருத்துவம் நடக்கட்டும். மனதுக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

வராமல் காக்க

பனையேறிகள் பாளை அரிவாளை வெறுமனே இடுப்பில் செருகிக்கொள்வதில்லை. அதற்கென்றே ஒரு அரிவாள்பெட்டி இடுப்பில் தொங்கும். மரத்தின் மேல் சறுக்கினாலும் வெட்டு தன்மேல் படாது. கீழே நிற்கும் நாம்தான் கதிர் அரிவாளைத் தோளில் தொங்கவிட்டு சைக்கிள் ஓட்டுகிறோம். பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி வெட்டுவாயில் மாட்டினால் நல்ல உறையாகும்.

அறுவடையில் பெரும்பாலும் வெட்டுப்படுவது இடது கை விரல்களும் முழங்காலுக்குக் கீழே காலும்தான். பிடித்த கைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி அறுங்கள், இடது கைக்குக் கெட்டியான கையுறை போடுங்கள், அரிவாள் வந்து நிற்கும் கோட்டில் கால் இருக்க வேண்டாம். கரும்பு வெட்டும்போது பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் இடையே இருவரும் கைநீட்டி அரிவாளைப் பிடித்தாலும் தொடாத தூரம் வேண்டும். பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது அன்றைய பொழுதுக்குத்தான். காய்ந்ததும் மறுபடி ஆடும். பூணை மாற்றி ஆப்படியுங்கள். மொன்னைக் கத்தியால்தான் கை அதிகம் வெட்டுப்படுகிறது, அழுத்த அழுத்த அது வழுக்கும். சாணை பிடிக்கச் சோம்பல்படாதீர்கள்.

அருவாமனையில் வேலை முடிந்ததும் மடக்க முடிந்தால் மடக்குங்கள், முடியாவிட்டால் வெட்டுவாய் சுவரைப் பார்த்தபடி சாய்த்து வையுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பாதி நறுக்கிய காயோடு போன் எடுக்க எழுந்து போகாதீர்கள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல் என்று பாட்டிகள் சொல்வது அருமையான பழக்கம், அதை விடாதீர்கள். கைநழுவி விழும் கத்தியைப் பிடிக்கப் பாயாமல் காலை விலக்கிக்கொள்ளுங்கள்.

குடித்துவிட்டுத் தகராறு நடக்கும் வீடென்றால் அரிவாளும் கத்தியும் எளிதில் கைக்கு எட்டாத இடத்தில், முடிந்தால் பூட்டி இருக்க வேண்டும். சண்டை கிளம்பிய பிறகு ஒளிக்க நேரமிருக்காது. ஒருவர் ஓங்கிக்கொண்டு வந்தால் பிடுங்க முயலாமல் ஓடுங்கள். நாற்காலி, கதவு, மாட்டுவண்டி என எதையாவது நடுவில் விடுங்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது.

பம்புசெட் கொட்டகையில் அரிவாள் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து ஒரு பையை மாட்டுங்கள். அதில் துவைத்து மடித்த பருத்தித் துண்டு இரண்டு, அகலமான சுருள்துணி நான்கு, ரப்பர் கையுறை ஒரு ஜோடி, ஒரு சாண் நீளக் குச்சி, எழுதும் பேனா, இரண்டு பிளாஸ்டிக் பை, மூடிய குடிதண்ணீர் பாட்டில் ஒன்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது துண்டை மறுபடி துவைத்து வையுங்கள்.